குளம் தரிசு அல்ல: கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்ட வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நகர நிர்வாகத்தாருக்கும் திட்டத்தை வரைந்த பொறியாளர்களுக்கும்,

எங்கள் குளத்துக்குள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டச் சொல்லும் உங்கள் திட்ட அறிக்கையில், அந்தக் குளத்துக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். 'நிலத்தின் தற்போதைய பயன்பாடு' என்ற கட்டத்துக்கு எதிரே 'பயன்பாட்டில் இல்லாத தரிசு' என்று போட்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு புகைப்படம்: வெடித்த களிமண், ஒரு கருவேல மரம், அதன் நிழலில் நாலைந்து ஆடுகள். படத்தின் மூலையில் மே மாதத் தேதி.

சித்திரை வைகாசியில் வந்து பார்த்தால் தாமிரபரணிப் பாசனத்தில் கால்வாயின் கடைப்பகுதியில் இருக்கிற கடைக்குளம் எதுவும் பொட்டலாகத்தான் கிடக்கும். கார்த்திகையில் வந்திருந்தால் அந்தக் கருவேலத்தின் உச்சிக் கொப்பு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்திருக்கும், அதில் நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். அறிக்கை எழுத வந்தவர் வருஷத்தில் மூன்று மாதம் தூங்கும் குளத்தைப் பார்த்துவிட்டுச் செத்துப்போனது என்று எழுதியிருக்கிறார். அவர் வந்த அன்று கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடமாவது கேட்டிருக்கலாம்.

நான் இந்தக் குளத்தின் இரண்டாம் மடைப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவள். என் அப்பா இந்தக் குளத்துக்கு நீர்பாய்ச்சியாக இருந்தவர். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அரிக்கேன் விளக்கோடு மடை திறக்கப் போன மனிதருக்கு, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்பது விரல் நுனியில் இருந்தது. கூலி பணமாக இல்லை, அறுப்புக் களத்தில் நெல்லாக வந்தது. அந்த நெல்லில் படித்துத்தான் இன்று உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன்.

ஊர்ப்பெயர், கால்வாயின் பெயர் எதையும் எழுதவில்லை. எந்தக் குளம் என்று உங்களுக்குத் தெரியும். வைகாசியில் சிவப்புப் பெயிண்ட் அடித்த முளைக்குச்சிகளை அதற்குள் அடித்துவிட்டுப் போனது நீங்கள்தானே.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கழிவுநீரைச் சுத்திகரிக்க வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பொதிகையில் பளிங்கு போலப் பிறக்கிற ஆறு புன்னைக்காயலில் கடலைத் தொடும்போது எப்படி இருக்கிறது என்று இந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஊர் ஊராகச் சாக்கடை ஆற்றில் இறங்குவதைப் பற்றி மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரை வழக்கு போயிருக்கிறது. 2018ல் நடந்த புஷ்கரம் என்ற நீராடல் விழாவில் அத்தனை லட்சம் பேர் முங்கி எழுந்த தண்ணீர் இது. பக்கத்திலேயே குழாய் வழியாக என்ன விழுகிறது என்று அன்றைக்கு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பது வேறு கதை. சுத்திகரிப்பு நிலையம் வேண்டும், இருபது வருஷத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும். அதைக் குளத்துக்குள் கட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஏன் குளத்தைப் பிடித்தீர்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. நகரம் மேற்கே மேட்டில் இருக்கிறது, குளம் கிழக்கே தாழ்வில் இருக்கிறது. சாக்கடை தானாக வழிந்து வந்துவிடும், பம்ப் வைத்து ஏற்ற வேண்டாம். மேலும் அது புறம்போக்கு. பட்டா நிலம் என்றால் விலை கொடுக்க வேண்டும். கன்னடியன் கால்வாய் வெட்டிய கதையை எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள்: ஒரு பசுவை முன்னே நடக்கவிட்டு, அது போன வழியில் வாய்க்காலும் படுத்த இடத்தில் குளமும் வெட்டினார்களாம். கதைதான். ஆனால் தண்ணீர் எங்கே தானாகத் தங்கும் என்பதைப் பார்த்து இடம் குறித்தவர்கள் அவர்கள். நீங்கள் பார்த்ததும் அதே தாழ்வைத்தான். அவர்கள் அங்கே ஆற்றுத் தண்ணீரைத் தேக்கினார்கள், நீங்கள் சாக்கடையைத் தேக்க வருகிறீர்கள்.

தாமிரபரணியின் 8 அணைக்கட்டுகளில் ஸ்ரீவைகுண்டம் ஒன்றுதான் வெள்ளைக்காரன் காலத்தது, மற்ற 7ம் அதற்கு முந்தியவை. அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களில் 86,107 ஏக்கர் பாய்கிறது. அதில் கணிசமான பங்கு நேரே வாய்க்காலில் பாய்வதில்லை, குளத்தில் தங்கிப் பாய்கிறது. ஒரு குளம் நிரம்பி வழிகிற மறுகால்தான் அடுத்த குளத்துக்கு வரத்து. எங்கள் குளத்தில் நீங்கள் எதைக் கலந்தாலும் கீழே இருக்கிற குளங்களுக்கும் அது போகும். அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தத் திட்டம் பற்றி இன்னும் தெரியவே தெரியாது.

'முழுக் குளத்தையும் எடுக்கவில்லையே, வடமேற்கு மூலையில் ஏழு ஏக்கர்தானே' என்று உங்கள் பொறியாளர் ஒருவர் சொன்னார். ஐயா, அந்த மூலையில்தான் வரத்துக்கால் குளத்துக்குள் இறங்குகிறது. அங்கே மண் அடித்து மேடாக்கிச் சுற்றுச்சுவர் கட்டினால், வருகிற வெள்ளம் எங்கே போகும்? 2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளையும் நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுபோனது. அந்த இரண்டு நாளும் எங்கள் குளத்தின் மறுகால் ஆறு மாதிரி ஓடியது. இப்போது நீங்கள் முளைக்குச்சி அடித்திருக்கும் இடத்தில் ஆளுயரத் தண்ணீர் நின்றது. கரை உடையாமல் இருக்க ஊர் ஆண்கள் ராத்திரி முழுக்க மணல் மூட்டை சுமந்தார்கள், பெண்கள் சாக்குத் தைத்துக் கொடுத்தோம். நாலு நாள் கரண்ட் இல்லை.

அந்த நாலு நாளில் உங்கள் நிலையம் அங்கே இருந்திருந்தால்? மோட்டார் ரூம் மூழ்கியிருக்கும். தொட்டியில் இருந்தது அத்தனையும் குளத்தில் கலந்து, மறுகால் வழியாக எங்கள் தெருவுக்குள் வந்திருக்கும். மேடாக்கியதால் பின்தேங்கும் தண்ணீர் நகரத்தின் கிழக்கு ஓரத்தில் புதிதாக முளைத்திருக்கும் மனைகளுக்குள் ஏறும். அங்கே வீடு வாங்கியவர்களிடம் இதைச் சொன்னீர்களா என்று தெரியவில்லை.

சுத்திகரித்த தண்ணீரைக் குளத்தில் விடுவதால் விவசாயிக்கு லாபம் என்று அறிக்கையில் ஒரு பத்தி இருக்கிறது. இந்த ஒரு பத்திக்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர், அதில் 80 சதவீதம் கழிவாக வரும். 20,000 பேர் என்று வைத்தால் தினமும் 21,60,000 லிட்டர். மழை, வெயில், அறுப்பு, நடவு எதையும் பார்க்காமல் அன்றாடம் வரும் தண்ணீர் இது. நல்ல வருஷத்தில் கார் போகம், எந்த வருஷத்திலும் பிசானப் போகம் என்பதுதான் கடைக்குளத்து வழக்கம். மாசி பங்குனியில் பிசானம் அறுத்தபின் குளம் காய வேண்டும். காய்ந்தால்தான் கரம்பை என்கிற வண்டல் மண்ணை எடுத்து வயலுக்கு அடிக்க முடியும், ஆடு மேய்க்கும் கீதாரிகள் கிடை போடுவார்கள், தண்ணீரை மூடிப் படரும் அமலைச்செடி வெயிலில் கருகும், மடையையும் கரையையும் செப்பனிட முடியும். வருஷம் முழுக்கத் தண்ணீர் நின்றால் குளம் செழிக்கும் என்று நினைப்பவர், அமலை மூடிய குளத்தைப் பார்த்ததில்லை. பச்சைப் பாய் விரித்தது போல இருக்கும், உள்ளே மீன் மூச்சு முட்டிச் சாகும்.

அடுத்தது பயிர். ஐந்தாறு வருஷமாக நகரத்தின் ஓடை ஒன்று எங்கள் முதல் மடைப் பக்கம் வந்து விழுகிறது. யாரும் திட்டம் போட்டு விட்டதல்ல, வீடுகள் பெருகப் பெருக அதுவாக வந்தது. அதனால் சாக்கடைத் தண்ணீரில் நெல் எப்படி விளையும் என்பதை நாங்கள் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. முதல் மடை வயலில் யூரியா போடாமலே பயிர் கரும்பச்சையாக ஓங்கி நிற்கும். பார்க்கிறவன் கண் படும். பால்பிடிக்கிற நேரத்தில் ஒரு காற்று அடித்தால் மொத்தமாகச் சாயும். குட்டையாக, தடித்த தாளோடு நிற்கிற அம்பை 16 கூட அந்த வயலில் படுத்துவிட்டது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986ல் கொடுத்த ரகம் அது, எங்கள் கார் சாகுபடிக்கென்றே பிறந்தது. சாயாமல் தப்பியதில் புகையான் பூச்சி விழுந்தது. அறுத்துத் தூற்றினால் பாதி பதர். தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், தேவைக்கு மேலே போனால் இப்படித்தான் ஆகும் என்று எந்த விவசாய அலுவலரைக் கேட்டாலும் சொல்வார்.

'அது சுத்திகரிக்காத தண்ணீர், எங்களுடையது சுத்திகரித்தது' என்பீர்கள். சரி. 2019ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுத்திகரித்த நீரில் மிஞ்சும் அழுக்கின் அளவுகோலான பிஓடி லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. உங்கள் அறிக்கையிலும் அந்த 10 இருக்கிறது. ஆனால் பிஓடி குறைந்தால் தழைச்சத்தும் கூடவே போய்விடும் என்று இல்லை, அதை நீக்கத் தொட்டியில் தனி ஏற்பாடு வேண்டும். அறிக்கையை என் தம்பி மகனிடம் கொடுத்து இரண்டு ராத்திரி உட்கார்ந்து படிக்க வைத்தேன். தழைச்சத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. லாபம் என்று எழுதியவர் அதைத்தான் இலவச உரம் என்று நினைத்தாரோ என்னவோ.

முதல் மடைக்கு நடவுக்கு ஆள் கூப்பிடப் போனபோது ஒருத்தி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "யக்கா, அந்த மடைத் தண்ணில கால வச்சா ராத்திரி பூரா சொறிஞ்சிக்கிட்டே கெடக்கணும். கூலி கூடக் குடுத்தாலும் வேண்டாம், வேற ஆளப் பாரு." இப்போது அந்த வயல்களுக்கு வெளியூரிலிருந்து ஆள் கூட்டி வருகிறார்கள், வண்டி வாடகை தனி. பாட்டத்துக்கு எடுத்தவர் இரண்டு பேர் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பெண் கட்டிக்கொடுக்கிற இடத்தில் 'நிலம் எந்த மடை?' என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. இதையெல்லாம் எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்? திட்டச் செலவில் இது சேராது. ஆனால் செலவுதான், எங்கள் கையிலிருந்து போகிற செலவு.

மீன் குத்தகை போகும். பத்தமடைப் பாய்க்காரர்கள் கோரையை ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டுத்தான் பட்டுப்பாய்க்கு இழை எடுக்கிறார்கள். நாளைக்கு இதே மாதிரி ஒவ்வொரு ஊரும் தன் குளத்துக்குள் ஒன்று கட்டினால், ஊறப்போட எந்தத் தண்ணீர் மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு ஜனவரியும் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. எங்கள் குளத்தில் நின்று நாரையையும் அரிவாள்மூக்கனையும் எண்ணிவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். தரிசில் ஏன் பறவை எண்ண வந்தார்கள் என்று அவர்களைக் கேளுங்கள்.

இன்னொன்று காற்று. குடியிருப்புக்கும் நிலையத்துக்கும் நடுவில் அரை கிலோமீட்டர் இருக்கிறது, நாற்றம் வராது என்கிறது அறிக்கை. எங்கள் தெரு குளத்துக்குக் கிழக்கே, கரைக்கு அடியில் இருக்கிறது. ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேற்குக் காற்று, மேகாத்து என்போம், வீட்டு ஓட்டைத் தூக்கும். அந்தக் காற்று குளத்தைத் தாண்டித்தான் எங்கள் வாசலுக்கு வரும். அரை கிலோமீட்டர் அதற்கு ஒரு எட்டு.

நிலையம் ஒழுங்காக ஓடினால் நாற்றம் இருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கம்பி வலையில் குப்பையைப் பிடித்து, மணலைப் படியவிட்டு, தொட்டியில் காற்றை ஊதி நுண்ணுயிரை வளர்த்து, அவை அழுக்கைத் தின்ற பிறகு கசடைப் பிரித்து, குளோரின் கலந்து வெளியே விடுவீர்கள். இதில் மின்சாரத்தைப் பெருமளவு குடிப்பது காற்று ஊதுகிற ப்ளோயர்தான். அது சில மணி நேரம் நின்றாலே தொட்டி நாறத் தொடங்கும். ஒப்பந்தக்காரர் பராமரிக்கிற வருஷங்கள் வரைக்கும் கவலை இல்லை. அதற்குப் பிறகு கரண்ட் பில்லை யார் கட்டுவது? ஆபரேட்டர் சம்பளம், குளோரின், கசடு அள்ள லாரி? வீட்டு இணைப்புக் கட்டணத்தில் வரும் என்கிறீர்கள். எத்தனை வீடு இணைப்பு வாங்கும், எத்தனை வீடு மாதாமாதம் கட்டும் என்பதற்கு அறிக்கையில் ஒரு நம்பிக்கை இருக்கிறது, கணக்கு இல்லை.

நான் சந்தேகப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் நகரத்துக்கு வெளியே நீங்கள் கட்டிய மண்புழு உரக்கூடத்தில் இன்றைக்கு மண்புழுவும் இல்லை, உரமும் இல்லை. நாய்கள் படுத்திருக்கின்றன. திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் பளபளவென்று இருக்கிறது, யாராவது துடைக்கிறார்களோ என்னவோ.

சட்டத்தையும் கொஞ்சம் பேச வேண்டும். நீர்நிலைகளை ஆக்கிரமிப்பிலிருந்து காக்க 2007ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. ஊர்ப் பொது நிலத்தையும் குளத்தையும் ஆக்கிரமிக்க விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011ல் எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. போன வருஷம் எங்கள் கரையில் ஒரு கிழவி போட்டிருந்த ஆட்டுக்கொட்டகையை, நீர்நிலைப் புறம்போக்கு என்று சொல்லி ஜேசிபி வைத்துப் பிரித்தார்கள். அவளுக்கு எட்டு ஆடு. பக்கத்தில் இருந்த வைக்கோல் படப்பையும் அன்றைக்கே அகற்றச் சொன்னார்கள். நாங்கள் மறு பேச்சுப் பேசவில்லை, சட்டம் என்றால் சட்டம்தான். அதே புறம்போக்கில் ஏழு ஏக்கருக்குச் சுவர் எழுப்பினால் அதற்கு மட்டும் என்ன பெயர்?

மேட்டில் கட்டினால் பம்ப் வேண்டும், கரண்ட் செலவு கூடும் என்பது உங்கள் முதல் பதிலாக இருக்கும். கூடும்தான். ஆனால் அந்தக் கூடுதலை மட்டும் ஒரு தட்டில் வைத்துவிட்டு மறு தட்டைக் காலியாக விடாதீர்கள். அதில் எங்கள் குளத்துப் பாசனத்தின் இரண்டு போகத்தையும், மீன் குத்தகையையும், குளம் ஊறுவதால் இனிக்கிற எங்கள் கிணறுகளையும், அடுத்த டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கப்போகும் உங்கள் மோட்டாரையும் வையுங்கள். நகரத்துக்குத் தெற்கே நெடுஞ்சாலைக்கு அப்பால் கல்லும் முள்ளுமாகக் கிடக்கிற மேட்டுப் புறம்போக்கு இருக்கிறது, எந்த வரத்தும் அங்கே இல்லை. உண்மையான தரிசு அதுதான்.

கிராம சபையில் இதைப் பேச எழுந்தபோது 'இந்தப் பொருள் நிகழ்ச்சி நிரலில் இல்லை' என்று உட்கார வைத்தார்கள். நகரத்தில் கல்யாண மண்டபத்தில் நடந்த கருத்துக் கேட்புக்கு எங்கள் ஊராட்சிக்கு ஓலை வரவில்லை. ஆகவே கேட்க வேண்டியதை இங்கேயே கேட்கிறேன்.

குளத்துக்குள் அடித்த முளைக்குச்சிகளைப் பிடுங்குங்கள். மாற்று இடம் முடிவாகும் வரை குளத்தில் ஒரு லோடு மண்கூட விழக் கூடாது என்று எழுத்தில் கொடுங்கள். தெற்கு மேட்டைப் பொறியாளர்களை அனுப்பி அளந்து, இரண்டு இடத்துக்கும் முப்பது வருஷச் செலவை, எங்கள் பக்கத்து நஷ்டத்தையும் சேர்த்து, பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுங்கள். அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் அச்சடித்து எங்கள் ஊராட்சிக்கும், மறுகால் போகும் கீழ்க் குளத்து ஊராட்சிகளுக்கும் அனுப்புங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் இதைப் பொருளாக வையுங்கள், பதில் சொல்லக்கூடிய பொறியாளர் ஒருவர் நேரில் வரட்டும்.

எங்கே கட்டினாலும், ஒப்பந்தக்காரர் போன பிறகு நிலையத்தை ஓட்டுவதற்கு எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்குவீர்கள் என்பதை இப்போதே தீர்மானமாக நிறைவேற்றுங்கள். தழைச்சத்தை நீக்கும் ஏற்பாட்டைத் திட்டத்தில் சேருங்கள். அது முடியாவிட்டால் அந்தத் தண்ணீரைத் தீவனப்புல்லுக்கும் மரங்களுக்கும் விடுங்கள், நெல்லுக்கு வேண்டாம். வாரா வாரம் எடுக்கும் தண்ணீர்ப் பரிசோதனை முடிவை நிலையத்தின் வாசலில் பலகையில் எழுதிப் போடுங்கள், சுண்ணாம்புக் கட்டியில் எழுதினாலும் போதும். நிலையத்துக்காகக் காத்திருக்காமல், முதல் மடையில் விழும் அந்த ஓடையை இந்தப் பிசானத்துக்கு முன்பே அடையுங்கள். அது உங்கள் ஊர்த் தண்ணீர், எங்கள் வயல்.

பழைய படத்தை எடுத்துவிட்டு அறிக்கைக்குப் புதுப் படம் ஒன்று எடுக்கவும் வாருங்கள். கார்த்திகை பத்தாம் தேதிக்கு மேல், காலையில் ஏழு மணிக்குள் வந்தால் வெளிச்சம் நன்றாக இருக்கும். காரைக் கரையில் ஏற்றாதீர்கள், மண் நனைந்திருக்கும். இரண்டாம் மடையில் நிற்பேன்.

இப்படிக்கு,
இரண்டாம் மடைப் பாசனக்காரி ஒருத்தி